பெஸ்னா காட்டிய காட்டுக்கடலை

என் அண்ணன் மனைவி பெஸ்னாவிடம் நாற்பது ஆடுகள் இருந்தன. எங்கள் ஊரான சவூருக்கு மேலே மலைச்சரிவில் அவள் அவற்றைக் கூப்பிட்டால் கீழே சாலையில் என் மினிபஸ்ஸுக்குள் கேட்கும். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எந்த ஆடு எந்தச் செடியை எந்த மாதம் கடிக்கும் என்று மட்டும் பிசகாமல் சொல்வாள்.

அந்த ஜூனில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நெர்மின் என்ற பெண் வந்தாள். வயலில் விளையும் கொண்டைக்கடலைக்கு எங்கள் மலையில் ஒரு காட்டு உறவு இருக்கிறதாம். அதன் விதை வேண்டும் என்றாள். என் வண்டியில் மூன்று நாள் சாலையோரமெல்லாம் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் நாள் பெஸ்னா எங்களை வழியில் நிறுத்தி விசாரித்தாள். காகிதத்தில் ஒட்டியிருந்த காய்ந்த செடியை நெர்மின் காட்டியதும் பெஸ்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதையா? பூ விடுறதுக்குள்ள என் ஆடுங்க மேஞ்சிடுமே. ஆடு போவாத இடத்துக்கு வா பொண்ணே."

அவள் காட்டிய பாறை இடுக்கில் இறங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. "ரெஸோ, நீ வண்டியைப் பார்த்துக்கோ, எங்கயாவது ஓடிடப் போவுது" என்று கேலி செய்துவிட்டு நெர்மினோடு இறங்கினாள். நான் மேலே நின்று பார்த்தேன். கற்களுக்கு நடுவே அந்தச் செடிகள் தரையோடு படர்ந்திருந்தன. பெஸ்னா காய்களை உருவித் தலைத்துணியில் போட ஆரம்பித்தாள். நெர்மின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு செடியின் காயும் தனித்தனி உறையில் போக வேண்டுமாம்.

"ஏன், ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்லையா?"

"வயல் கடலை எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சு அக்கா. ஒரு நோய் வந்தா மொத்தமாப் போயிடும். இதுங்க அப்படி இல்ல. ஒண்ணு தாகம் தாங்கும், ஒண்ணு நோய் தாங்கும். வளர்த்துப் பார்த்தாத்தான் எது எதுன்னு தெரியும்."

பெஸ்னா ஒரு காயைத் தனி உறையில் போட்டாள். "என் ஆடுங்க மாதிரின்னு சொல்லு. உனக்கு நாப்பதும் ஒரே கறுப்பு. எனக்கு நாப்பது குணம்."

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊற்றருகே நின்றது, பாறைப் பிளவில் வெயிலில் காய்ந்தது, கருவாலி மர நிழலில் வளர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் அடையாளம் சொல்லச் சொல்ல நெர்மின் உறைமேல் எழுதினாள். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று உறைகள் சேர்ந்தன.

நான்கு வருஷம் கழித்து நெர்மின் தொலைபேசியில் என்னை அழைத்து, அக்காவைக் கூட்டிவரச் சொன்னாள். அந்த வசந்தத்தில் ஓயாத மழை, அதோடு நோயும் வந்திருந்தது. நிலையத்து வயலில் வரிசை வரிசையாகக் கடலை கருகிக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. பாறைப் பிளவில் எடுத்த செடியையும் வயல் கடலையையும் சேர்த்து உண்டாக்கிய வாரிசுகள். அதை நெர்மின்தான் சொன்னாள். பெஸ்னாவின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

பெஸ்னா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகத் தடவிக்கொண்டே போனாள். பூவின் ஊதா நிறம் எங்கள் மலையுடையது என்றாள். யாரும் தடுப்பதற்குள் ஒரு பச்சைக் காயைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். நெர்மின் பதறிப்போனாள்.

"அக்கா, ஒவ்வொரு விதைக்கும் நாங்க காவல் காக்குறோம்."

பெஸ்னா நிதானமாக மென்றாள். "ருசி இருக்கு. ஆனா பொடிசு. நல்லா கொழுகொழுன்னு ஒரு பொண்ணாப் பார்த்து இன்னொரு கல்யாணம் பண்ணி வை."

நெர்மின் வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெரிய கடலையோடு மறுபடி சேர்ப்பதுதான் அந்த வாரத்து வேலையாம். ஒரு சின்ன இடுக்கியைப் பெஸ்னாவிடமே கொடுத்து, மொட்டைப் பிரித்து மகரந்தம் தடவும் விதத்தைக் காட்டினாள். முதல் இரண்டு பூக்கள் பிய்ந்துபோயின. மூன்றாவது சரியாக வந்தது. அதில் அடையாளத்துக்கு நூல் கட்டும்போது பெஸ்னா மூச்சுகூட விடவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் அந்தக் கல்யாணக் கதையைச் சொன்னாள். இதில் பெண் வீட்டார் யார், மலையா வயலா என்று ஒரு கிழவர் கேட்டுவைக்க, வண்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்து சவூர் வரை சண்டை போட்டது.