ஏலத்துக்கு வந்த எங்கள் வீட்டு சைக்கிள்

இண்டூரிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்த காலை டவுன் பஸ்ஸை ஐப்பசி மாதம் நிறுத்திவிட்டார்கள். யாரிடம் கேட்டாலும் வண்டி பழுது, டிரைவர் இல்லை, அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை. நான் அந்தப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் வந்து மணியடிப்பதற்குள் அரிசியை அளந்து கொடுத்து அடுப்பு மூட்ட வைக்க வேண்டும். ஸ்கூட்டி ஓட்டிப் பழகலாம் என்று ஒருமுறை உட்கார்ந்து, நேராகக் கொண்டுபோய் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் விட்டவள் நான். ஆகவே சைக்கிள்தான் என்று முடிவானது.

புதுசு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். கல்யாண வீட்டில் அம்மாக்காரிக்குப் புது சைக்கிள் என்றால் ஊர் வாயை யார் மூடுவது? ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் மகள்தான், பழைய சாமான்களை ஏலம் விடும் ஒரு ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். விற்கிறவர் படம் போடுவார். யார் வேண்டுமானாலும் விலையை ஏற்றலாம். குறித்த நேரம் முடியும்போது மேலே இருப்பவருக்குப் பொருள். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் புத்திமதி சொன்னாள். படத்தை நம்பாதே, நேரில் பார். முன்பணம் கேட்டால் ஓடி வந்துவிடு. பிரேம் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல், திருட்டு வண்டியாக இருக்கும். எங்கிருந்து வந்தது, ஏன் விற்கிறார் என்று விசாரி. தனியாகப் போகாதே. கேட்டால் சைக்கிள் வாங்குகிறோமா, சம்பந்தம் பேசுகிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் பத்திரிகை அடிக்கிற வேலையும் நடந்துகொண்டிருந்தது. பாப்பாரப்பட்டி அச்சகத்துக்காரர் மாதிரி அடித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். அங்கே "திரு" போடுவதா, "தெய்வத்திரு" போடுவதா என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் பாப்பாரப்பட்டியில் ஒரு புளி மண்டியில் எடை போடும் வேலை பார்த்தார். மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் கிளம்பியவர் மண்டிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. அன்றைக்குச் சண்டைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. கடன் இல்லை, குடி இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கிணறு, ஏரி எல்லாம் பார்த்தார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டிலும் ரயில் ஸ்டேஷனிலும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தேடினார்கள். ஊரில் ஆளுக்கொரு கதை. காவியுடுத்தித் திருவண்ணாமலையில் உட்கார்ந்திருக்கிறார் என்றார் ஒருவர். பெங்களூரில் வேறு குடும்பம் என்றார் இன்னொருவர். இந்தக் கதைகளைச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

நான் எதையும் நம்பவில்லை. அவர் எங்கேயோ விழுந்து செத்துப்போய்விட்டார், சைக்கிளோடு சேர்ந்து ஏதோ ஒரு பாழுங்கிணற்றில் கிடக்கிறார் என்றுதான் நம்பினேன். அதற்குக் காரணம் அந்த சைக்கிள்தான். அதை விட்டுவிட்டு அவர் எங்கும் போகமாட்டார். ஊரை விட்டுப் போகிறவராக இருந்தால் அதைப் பத்திரமாக வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். அவர் பூட்டுகிற பூட்டு அப்படி. என் அம்மா வீட்டு வாசலில் நிறுத்தினாலும் பூட்டுவார். எங்கள் வீட்டில் திருடர்களா இருக்கிறோம் என்று என் அம்மா அதற்காகவே ஒரு பொங்கலுக்குப் பேசாமல் இருந்தாள். பூட்டிவிட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். குளிக்கும்போதும் அது இடுப்பில்தான் கிடக்கும். எனக்குத் தாலி மாதிரி உங்களுக்குச் சாவி என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

அதனால் பொட்டு வைத்துக்கொண்டு, தாலியும் போட்டுக்கொண்டு, அமாவாசைதோறும் பின்கட்டில் யாருக்கும் தெரியாமல் அவருக்கு இலை போட்டேன். உடம்பு கிடைக்காமல் இலை போடக் கூடாது என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்பதால்தான் ஒளிவு. மகளுக்கு மட்டும் தெரியும். பூசணிக்காய் பொரியலும் வடையும் வைத்துக் கும்பிட்டு, ஒரு பிடியை மதில் மேல் வைத்தால் காக்காய் வந்து எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். செத்துப்போனவர் என்று நினைத்தபோது அவர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு ஏலப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சைக்கிள் வந்தது.

கறுப்புப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தார்கள். ஆனால் கேரியரின் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு மாட்ட அவர் வைத்த கொக்கி அப்படியே இருந்தது. வெல்டிங் கோணலாகிவிட்டதென்று புலம்பிக்கொண்டே இருப்பார். அதே கோணல். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இன்னொரு முறை பார்த்தேன். அப்படியும் மகள் சொன்னதை மறக்கவில்லை. பிரேம் நம்பர் எனக்குத் தெரியாது, அதனால் சீட்டுக்கு அடியில் படம் எடுத்து அனுப்புங்கள் என்று விற்கிறவருக்கு எழுதினேன். அவர் என்னை என்ன நினைத்தாரோ, அனுப்பினார். ஸ்பிரிங் குத்துகிறதென்று என் பவுடர் டப்பாவைத் தட்டி விரித்துச் சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தார் என் வீட்டுக்காரர். பவுடர் தீரும் முன்பே டப்பாவை எடுத்ததற்கு நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. துரு ஏறிப்போன அந்தத் தகரம் படத்தில் இருந்தது.

கடை மொரப்பூர் ரயில் ஸ்டேஷன் பக்கம் என்றார் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மகளோடு நேரில் வந்து பார்க்கிறேன் என்று எழுதினேன். ஏலம் அன்று சாயங்காலம்தான் முடிகிறது. ஆனால் அதற்குள் யார் யாரோ விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுநாள், அம்மனுக்குச் சாத்திய சேலையையும் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுவார்கள். பிள்ளையில்லாத வீட்டுக்காரர் பழத்தைக் கேட்டால் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அது அந்த வூட்டுக்குப் போவட்டும்" என்பார். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எவ்வளவு பணக்காரனாக இருந்தாலும் சரி. நான் பார்த்து வளர்ந்த ஏலம் அதுதான். ஆப்பில் படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கிற மாதிரி கேள்வி எழுத ஒரு இடம் இருந்தது. அதில் எழுதினேன்: "இது எங்க வூட்டு வண்டிங்க. வீட்டுக்காரர் காணாமப் போனப்ப கூடவே போனது. தயவுசெஞ்சு யாரும் ஏத்த வேண்டாங்க." எழுதிவிட்டு, இனி ஒருவரும் ஏற்றமாட்டார்கள் என்று நிம்மதியாகப் பாத்திரம் கழுவப் போனேன்.

ஒருவரும் ஏற்றவில்லைதான். அன்று மாலை படமே இல்லை. உரிமை பற்றிப் புகார் வந்திருப்பதால் நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி மட்டும் வந்தது. அதற்குப் பிறகு விற்கிறவருக்கு நான் எழுதியது எதுவும் போய்ச் சேரவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் திட்டவில்லை. அங்கே இருக்கிறவர்கள் நம்மூர் ஆட்கள் இல்லை, திருட்டு வண்டி என்று நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மொரப்பூர் போனோம். ஒற்றை ஷட்டர் கடை. பழைய சைக்கிள்களைச் சரிசெய்து விற்கிறவர், நாற்பது வயதிருக்கும். நாங்கள் யாரென்று சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். போலீஸ் வரும் என்று பயந்து, படத்தை நீக்கிய அன்றைக்கே வண்டியைப் பிரித்துவிட்டாராம். பிரேம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. சக்கரங்கள் வேறு வண்டியில் ஏறி அதுவும் விற்றுப்போனது. கேஸ் கீஸ் என்று அலைய முடியாதுங்க, எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் கோபப்படத்தான் போயிருந்தேன். கோபம் வரவில்லை. எழுதிக் கொடுத்தவள் நானல்லவா.

வண்டி எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். இதே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடந்த வண்டிகளை, குத்தகைதாரர் மாறியபோது மொத்தமாக ஏலம் விட்டார்களாம். அதில் எடுத்ததாம். சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு தகர டப்பாவைத் துழாவி, பின்சக்கரத்தில் மாட்டுகிற வளையப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இது மட்டும் இருக்குதுங்க்கா. மத்த வண்டிங்க பூட்டையெல்லாம் சுத்தியில அடிச்சுத்தான் ஒடைச்சமுங்க. இந்த வண்டிக்கு அந்த வேலையே இல்லீங்க. பூட்டவே இல்ல. சாவி அதுலயே இருந்துச்சு."

சாவி இப்போதும் அதில்தான் இருந்தது. அதன் துளையில் கறுப்பு அரைஞாண் கயிற்றின் முடிச்சு. முடிச்சை அவிழ்க்கவில்லை, கயிற்றை அறுத்து எடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். இரண்டு முனையும் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தன.

தருமபுரியிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே தெரிந்த முகம் இருக்கும் என்று அதைத் தாண்டி மொரப்பூர் வரை வெயிலில் மிதித்திருக்கிறார். வழியில் எங்கோ நின்று, நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுமிருப்பார். ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, இனி யார் எடுத்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்று சாவியை அதிலேயே வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். எங்களையும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் அம்மா வீட்டு வாசலில்கூடப் பூட்டாமல் நிறுத்தாத மனிதர்.

கடைக்காரர் டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பினோம்.  பஸ் தருமபுரியை நெருங்கும்போது மகள் என் பக்கம் திரும்பினாள்.

"கெணத்துலயே இருந்திருக்கலாம் இல்லம்மா" என்றாள்.

பெற்ற தகப்பனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று நான் அதட்டியிருக்க வேண்டும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். "திரு" என்றே போடுங்கள் என்றேன். அப்படியென்றால் அய்யா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். தகவல் ஏதாவது வந்ததா என்றார்கள். வந்தது என்பேன். அதற்கு மேல் கேட்டால், பந்தியில் மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவேன்.

சைக்கிள் யோசனையை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறேன். பூட்டைத் தூக்கிப்போட மனம் வராமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தை அமாவாசை கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்தது. பழக்கத்தில் விடிகாலையிலேயே எழுந்து தலைக்குக் குளித்து, பூசணிக்காயை நறுக்கிவிட்டேன். வடைக்கு ஊறவைத்த உளுந்தை அரைத்தும் விட்டேன். இலையை எடுத்துத் துடைத்து விரிக்கப் போகும்போதுதான் கை நின்றது. உயிரோடு எங்கேயோ உட்கார்ந்து யார் கையாலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு இலை போடக் கூடாது. இலையைச் சுருட்டி வைத்தேன். மகளுக்கு வடை சுட்டுக் கொடுத்தேன். சுருட்டிய இலையைப் பார்த்துவிட்டு அவளும் சாப்பிட்டாள்.

நேரமானதும் காக்காய் வந்து மதில் மேல் உட்கார்ந்தது. கத்தியது. கொஞ்சம் நகர்ந்து, வழக்கமாகப் பிடிச் சோறு வைக்கிற இடத்துக்கே வந்து நின்று மறுபடி கத்தியது. நான் பின்வாசலுக்குப் போய், கையை ஓங்கி அதை விரட்டினேன்.