மூன்றாவது படி முங்கும்வரை

மதியம் 1.10. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் பாண்டியின் அக்கா முருகேஸ்வரி அங்கே தக்காளி போடுகிறார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் ஏறினேன்.

2.00. காலையில் நட்ட நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. பாதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்வதற்குள் கிணறு வற்றிவிட, அக்கா மோட்டாரை நிறுத்தியிருந்தார். மோட்டாருக்குக் கரண்டு நாலு மணி வரைதான். அதற்குள் தண்ணீர் காட்டாவிட்டால் மிச்ச நாற்று பிழைக்காது.

"அடியில கொஞ்சம் கெடக்கே, போட்டு விடுங்கக்கா" என்றேன், விவசாயம் தெரிந்த பெரிய சம்சாரி கணக்காக.

"காத்தை இழுத்துச்சுன்னா மோட்டாரோட காயிலு புகைஞ்சு போகும் தம்பி. ஊத்து ஊறி, அந்தா, கீழயிருந்து மூணாவது படி முங்கட்டும்."

2.30. படி முங்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நெதர்லாந்தில் இருக்கும் என் தோழி, தானே உண்டாக்கிய டச்சுச் சொல் ஒன்றைப் போன வாரம் அனுப்பியிருந்தாள்: 'வாக்ட்வெர்க்'. காத்திருப்பையும் வேலையையும் ஒட்டவைத்த சொல். ஒரு காரியத்துக்காகப் பொறுமையாகக் காத்திருப்பதும் வேலைதானாம். சோம்பேறிக்கு நல்ல சாக்கு என்று பதில் போட்டிருந்தேன். அக்காவிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"அட, இதுக்குப் பேரு வேறயா!" என்று சிரித்துவிட்டு என் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். "வாய்க்கா பூரா எலிப்பொந்து. தண்ணி வந்தப்புறம் அடைக்க நேரமிருக்காது, வாங்க."

அடைத்தோம். கையில் கொப்புளம் போட்டது. நாலு அடிக்கு ஒரு தரம் அவர் கண் மட்டும் கிணற்றுக்குப் போய்வந்தது.

3.20. படி முங்கியது. அக்கா மோட்டாரைப் போட்டார். ஒரு சொட்டு வழியில் ஒழுகாமல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஏறியது.

4.00. கரண்டு போய்விட்டது. கடைசிப் பாத்தி காய்ந்தபடியே கிடந்தது. ஐயோ என்றிருந்தது எனக்கு. "ஓடியாங்க தம்பி!" வாய்க்காலில் நின்ற தண்ணீரை இரண்டு பேருமாக மண்வெட்டியால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கடைசி நாற்றும் நனைந்தது.

5.15. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்ட் வர அரை நிமிடமானால் பட்டனை நாலு தரம் அழுத்துகிற ஆள் நான். அந்த அவசரத்தில்தான் மோட்டாரைப் போடச் சொல்லியிருக்கிறேன். வந்த விருந்தாளி சொல்கிறானே என்று அக்கா மரியாதைக்குத் தலையாட்டியிருந்தால்? மோட்டாரும் போயிருக்கும், அம்புட்டு நாற்றும் போயிருக்கும். நான் மட்டும் இதே பஸ்ஸில் சௌக்கியமாக ஊர் திரும்பியிருப்பேன்.