அண்ணைக்கு விருப்பமானது

செத்த எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு அன்று, செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். நண்டுக் கறி, சுருட்டு எல்லாம் ஆயத்தம். சாராயப் போத்தல்தான் பாக்கி. குடித்தே செத்துப்போன என் அண்ணைக்கு அது இல்லாமல் படையலா?

"அவர் எதைக் குடிச்சவர் எண்டு உங்களுக்குத்தானே தெரியும் தம்பி," என்றார் அண்ணி. நான் குடியை விட்டுப் பதினொரு மாதம். அழுது களைத்த மனுஷிக்கு அது நினைவில்லை. எனக்கோ வீம்பு. ஒரு போத்தல் வாங்கக்கூட ஏலாதவனா நான் என்று சைக்கிளை எடுத்தேன்.

திரும்பி வரும்போது கொக்குவிலில் ரயில் கடவை பூட்டியிருந்தது. கைபிடியில் தொங்கிய பையைப் பார்த்தேன். வாய் ஊறியது. வெட்கம்தான், ஆனாலும் உண்மை. ஒரு வாய் குடித்தால் அண்ணைக்கே தெரியாது என்று மனம் கணக்காக எடுத்துச் சொன்னது. ரயில் வருமுன் போனை எடுத்து அச்சுவேலிக்காரருக்கு அடித்தேன்.

அவர் குடியை விட்டு ஒன்பது வருடம். எங்களைப்போல எட்டுப் பத்துப் பேர் ஞாயிறுகளில் கோப்பாயில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் கூடுவோம். மதம் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, முதல் நாள் நான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனவன். ஒருவரும் கவனிக்கவே இல்லை. தனியே முடியாது என்பதை ஒத்துக்கொள், உன்னிலும் பெரிய ஒன்றிடம் ஒப்படை, பொய் சொல்லாதே என்றார்கள். அந்தப் பெரியது எனக்கு முருகன், அச்சுவேலிக்காரருக்கு இயேசு. அதற்காக நாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.

"மூடியைத் திறவாமல் வீட்டை போங்கோ. நான் வாறன்," என்றார்.

சொன்னபடி வந்து என் பக்கத்தில் நின்றார். கிளாஸில் ஊற்றும்படி அண்ணி போத்தலை நீட்டினார். உறவுக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வந்தது. கடைசிக் கிழமை அண்ணை என் கையைப் பிடித்து, ஞாயிறு தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்த ஞாயிறு வரமுதல் போய்விட்டார். அதை நான் அதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

"அண்ணி, அண்ணைக்கு இது விருப்பமில்லை," என்றேன். "அவராலை விட ஏலாமல் இருந்தது. விடத்தான் விருப்பம். ஞாயிறு என்னோடை வரக் கேட்டவர்."

அண்ணி போத்தலைக் குசினிக்குள் கொண்டுபோனார். தொட்டிக்குள் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அண்ணையின் கோப்பையில் ஆவி பறக்கும் தேத்தண்ணி. அதைப் படையலில் வைத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

படைத்ததை அச்சுவேலிக்காரர் வீட்டில் தொடமாட்டார்கள். அன்று அவர் என் பக்கத்தில் இருந்து, நண்டு நல்ல உறைப்பு என்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாங்கள் வெளிக்கிடும்போது அண்ணி படலை வரை வந்தார்.

"ஞாயிறு போங்கோ தம்பி," என்றார். "அவருக்கும் சேர்த்துப் போங்கோ."