பாசிக்குக் காவல் இருந்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் முப்பது வருஷம் தண்ணீர்த் தொட்டி கழுவியவர். மொட்டைமாடித் தொட்டி, தரைக்கடித் தொட்டி, ஆஸ்பத்திரித் தொட்டி, எதையும் விட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தொட்டிக்காரர்தான். அவர் கழுவி முடித்த தொட்டிக்குள் டார்ச் அடித்தால் சுவரில் நம் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, மறுபடி இறங்கித் தேய்ப்பார்.

"பாசி கண்ணுல பட்டா எனக்குச் சோறு எறங்காது மச்சான்" என்பார். பொய்யில்லை. விருந்துக்குப் போன வீட்டில்கூட, கை கழுவுகிற சாக்கில் குழாய்க்கடியை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்பது அவர் முடிவு. தேய்க்கிறவர்கள் ஒரு வகை, சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் ஒரு சரக்குக் கிடங்கில் பகல் வாட்ச்மேன். நாற்காலிதான் என் உத்தியோகம். "எங்க வீட்டுப் பூனைகூட உன்னவிட நாலு அடி கூடுதலா நடக்குது" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அவருடைய இரண்டு முட்டியும் மக்கர் செய்தன. இன்னொரு தடவை ஏணியில் ஏறினால் அப்புறம் நடப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். தொட்டியெல்லாம் மேலே இருக்கிறது, மனிதர் கீழே இருக்கிறார். வீட்டில் உட்கார வைத்தோம். உட்கார்ந்தாரா? அக்காவின் சட்டிகளை எடுத்து அடிக்கருப்பைச் சுரண்டினார். சுரண்டிச் சுரண்டி ஒன்றில் ஓட்டையே விழுந்தது.

"இவருக்கு ஒரு வேலை பாருடா. இல்லேன்னா அடுத்தது என்னைத் தேச்சுடுவாரு" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் கட்டடத்துத் தொட்டியை வருஷக்கணக்காக இவர்தான் கழுவினார். காத்திருக்கிறவர்களுக்குப் பயம் தெளியட்டும் என்று டாக்டரம்மா பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்திருந்தார். உப்புத் தண்ணீர், கடல் பாறை, வெள்ளை மணல், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு.

"ஒரு மாசம் பாத்துக்குங்க. மாசக் கடைசில சுத்தமா இருந்தா வேலை உங்களுக்கே. இல்லேன்னா தொட்டிய யாருக்காவது குடுத்துடுவேன்" என்றார்.

தரைத்தளம். ஏணி கிடையாது, படிகூடக் கிடையாது. அந்த முட்டிகளுக்கு இந்த ஊரில் இதைவிட்டால் வேறு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும்.

இரண்டாவது வாரம் மணல் மேல் பழுப்பாகப் பொடி மாதிரி ஒன்று படிந்தது. பிறகு பாறையில், பிறகு கண்ணாடியில். நம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய எதிரியாயிற்றே. மீன் இரண்டையும் வாளியில் விட்டுவிட்டு, பாறையை வெளியே எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, குழாய்த் தண்ணீரில் உப்புக் கலந்து புதிதாக நிரப்பினார். பாறை உப்புக்கல் மாதிரி வெளுத்தது. டாக்டரம்மா வாயைப் பிளந்தார்.

நாலு நாளில் பழுப்பு திரும்பி வந்தது, முன்னைவிட அடர்த்தியாக. மறுபடி தேய்த்தார். அதற்கடுத்த மூன்றாம் நாளே வந்தது. மூன்றாவது தடவையும் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது வளர்ந்தது. மூன்றாவது கழுவலுக்கு மறுநாள் மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. காத்திருந்த அம்மாள் ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "அதுங்களுக்கும் பல்வலியா?"

வண்ணமீன் கடைக்காரம்மாவைக் கூட்டிவந்தார்கள். அந்தம்மா கையை விட்டு ஒரு பாறையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இதக் கழுவுனது யாரு?"

"நான்தாம்மா. மூணு தடவை" என்றார் தொட்டிக்காரர். ஒன்று குறைத்துச் சொல்லிவிடுவோமோ என்கிற கவலை அவருக்கு.

அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, இந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. நல்ல கிருமி. மீன் போடுற கழிவ அதுதான் தின்னு தீர்க்குது. அத மூணு தடவை சாக்கடைல ஊத்திட்டீங்க. இந்தப் பழுப்புப் பாசி புதுத் தொட்டி எல்லாத்துக்கும் வரும். நீங்க கழுவக் கழுவ இது மறுபடி புதுத் தொட்டியாயிடுது. குழந்தைக்குப் பல்லு முளைக்கறப்ப வர்ற காய்ச்சல் மாதிரி. இருந்துட்டுத் தானா போயிடும்."

தன் கடையின் பழைய தொட்டியிலிருந்து ஒரு பாறையும் ஆறு நத்தைகளும் கொண்டுவந்து விட்டாள். இனி வடிகட்டிய தண்ணீர் மட்டும். விளக்கு ஆறு மணி நேரம். இரை ஒரு சிட்டிகை. வாரத்துக்கு ஒருநாள் முன்கண்ணாடியை மட்டும் துடைக்கலாம்.

"மத்த நாளு?"

"தொடக்கூடாது."

"தொடாம எப்படிம்மா வேலை பாக்கறது?"

"தொடாம இருக்கறதுதாண்ணே வேலை."

அன்று மத்தியானம் அவர் என் கிடங்குக்கு வந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மச்சான், நீ எப்படிடா நாள் பூரா உக்காந்திருக்க?"

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாசல் கேட்டையே பாத்துட்டிருக்கக் கூடாது அத்தான். பாத்தா கை பரபரக்கும். போற வர்ற ஆளப் பாருங்க. வாசல் ஓரக்கண்ணுல இருந்தாப் போதும்."

"கைய என்ன பண்ணுவ?"

"கட்டிக்குவேன்."

ஒரு மணி நேரம் பழகினார். ஐந்து தடவை எழுந்தார். கிளம்பும்போது பையிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்து என் மேஜை டிராயரில் போட்டார். "நான் வந்து கேட்டாலும் குடுக்காத" என்றார். இரண்டு நாள் கழித்து வந்து கேட்டார். கொடுக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அக்கா வீட்டு வாளிகள் பளபளத்த மாதிரி என்றைக்கும் பளபளத்ததில்லை.

தொட்டியோ டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. எதிரே இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு நாள் பாக்கி இருக்கும்போது டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தார்.

"என்னங்க, உக்காந்திருக்கீங்க?"

"வேலை பாக்கறேன் டாக்டர்."

"என்ன வேலை?"

"தொடாம இருக்கேன்."

டாக்டரம்மா தொட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார். "எட்டு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் தொட்டிக்காரர் விரல் வெளுத்துவிட்டதாக அங்கே கூட்டித் துடைக்கிற அம்மாள் பின்னால் என்னிடம் சொன்னாள். எழுந்திருக்கவில்லை. அதுவரை அவர் செய்த வேலைகளில் அதுதான் கஷ்டமானது என்று நினைக்கிறேன்.

நாலாம் நாள் கண்ணாடியில் நத்தை போன தடம் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் தடத்துக்குத் தடம் சேர்ந்தது. மணல் மேலிருந்த பழுப்பு யாரோ போர்வையை உருவின மாதிரி போய்விட்டது. மீன்கள் கீழே இறங்கிப் பாறையைச் சுற்ற ஆரம்பித்தன.

மாசக் கடைசி அன்று எனக்கு முறை விடுப்பு. நானும் போனேன். டாக்டரம்மா தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாயிருக்கு. நாளைக்கும் வாங்க, இனிமே எப்பவும் வாங்க. ஒன்னே ஒன்னு. பின்னாடி மூலைல கல்லுல பச்சையா ஏதோ இருக்கு பாருங்க. அத மட்டும் தேச்சுட்டீங்கன்னா சுத்தமா முடிஞ்சுது."

தேய்க்கச் சொல்லி ஒருத்தர் வாய்விட்டுக் கேட்கிறார். கேட்டது வேலை கொடுக்கிற டாக்டரம்மா. கேட்டது இந்த மனிதரிடம்.

அவர் மூலையைப் பார்த்தார். கட்டைவிரல் அளவுக்குப் பச்சைப் பாசி. அதன் மேல் ஒரு நத்தை.

"அது வேண்டாம் டாக்டர்" என்றார்.

"ஏன்?"

"அது இவங்களோட சாப்பாடு. அதயும் எடுத்துட்டா ஆறு பேரும் பட்டினி."

டாக்டரம்மா குனிந்து அந்த நத்தையைப் பார்த்தார். "சரி, உங்க தொட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தொட்டிக்காரர் மெதுவாக முட்டியை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"மச்சான், அந்த பிரஷ் உன் டிராயர்லயே இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைக் காலரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இத எப்பத் தொவச்ச?"