பலாலிச் செபமாலையும் எங்கள் வீட்டுக் கிணறும்

நான் பேசாமல் இருந்தது போதும். செபமாலை இறந்து மூன்று கிழமையாகிறது. பொருளாதாரத் தடையால் கொப்பித்தாளில் பத்திரிகை அச்சடிக்கிற இந்தக் காலத்திலும் மரண அறிவித்தலுக்கு இடம் கிடைக்கிறது. அவருக்கும் நாலு வரி வந்தது. "மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் நீர்வேலியைத் தற்காலிக வசிப்பிடமாகவும் கொண்ட" என்று போட்டிருந்தார்கள். அந்தத் தற்காலிக வசிப்பிடம் எங்கள் வளவு. அங்கே அவர் எப்படி இருந்தார், எப்படிப் போனார் என்பது நாலு வரிக்குள் வராது.

அரசாங்கக் கச்சேரியில் என் மேசையில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் ஊர்ப் பியோன் வாசலில் நின்றபடியே சொன்னான்: "ஐயா, உங்கடை வளவிலை இருக்கிற பிளேன்காரர் மோசம் போயிட்டாராம். நெஞ்சுநோவாம்."

பிளேன்காரர். நாலு வருடமாக எங்கள் ஊர் அவரை அழைத்த பெயர் அது. ஒருவருக்கும் அவர் பெயர் தேவைப்படவில்லை.

பலாலி விமான நிலையத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பலர் இப்போது கனடாவில். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போட்ட ஓடுபாதை அது. பிறகு அதிலே கொழும்பு இரத்மலானைக்கும் இந்தியாவுக்கும் பயணிகள் பறந்தார்கள். ஒரு மண்டபம், ஆட்கள் இருக்க இரண்டு வரிசை வாங்குகள், வடையும் பிளேன்ரீயும் விற்கிற ஒரு கன்ரீன், ஒரு கோபுரம், சிவப்புத் தீயணைப்பு வண்டி ஒன்று: இவ்வளவுதான் எங்கள் நிலையம். தீ பிடித்து அந்த வண்டி ஓடியதை நான் கண்டதில்லை. விமானம் இறங்குமுன் ஓடுபாதையில் மேயும் ஆடுகளைக் கலைக்கத்தான் அது சங்கு ஊதிக்கொண்டு ஓடும்.

அந்த நிலையத்தின் பொறுப்பு செபமாலையிடம் இருந்தது. அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது என்று நான் நினைத்தேன். நான் பட்டதாரி. அவர் மயிலிட்டிக் கடற்கரைக் குடும்பம். நான் நீர்வேலித் தோட்டக்காரக் குடும்பம். அதைத் தீர்மானித்த மேலிடத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரிடம் மன்னிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இருந்தும் ஏழு வருடமாக "மிஸ்டர் செபமாலை" என்றே அழைத்தேன். எல்லாரும் "அண்ணை" என்றார்கள். அவரோ முதல்நாள் தொடங்கி என்னைத் "தம்பி" என்றார்.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் வந்து போனவை சின்ன விமானங்கள். ஆட்களையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். மூட்டை நிறுக்கிற அதே தராசில் பயணி ஏறி நிற்பார். பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்காது. ஒருநாள் எங்கள் பக்கத்தில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவர், பெயர் வேண்டாம், கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார்.

"என்ன, என்னையும் வெங்காய மூட்டை மாதிரி நிறுக்கப் போறீரோ?"

"ஓம் ஐயா," என்றார் செபமாலை. "மூட்டையளையும் இப்பதான் நிறுத்தனாங்கள். அதுகள் கோவிக்கேல்லை."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்புக்காத்தருக்கு முகம் கறுத்தது. "நீர் ஆர், எவடம் எண்டு எனக்குத் தெரியும்."

"மயிலிட்டி. அதுவும் சரி. ஏறுங்கோ, பைலட் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

ஏறினார். பிறகு செபமாலை என்னிடம் சொன்னார்: "விழுந்தால் எல்லாரும் ஒரே குழியிலைதான் தம்பி. ஆற்றை சாதி எத்தினை றாத்தல் எண்டு தராசு கேக்கிறேல்லை." நானும் சிரித்தேன். அப்புக்காத்தர் எங்கள் உறவு என்று அவருக்குச் சொல்லவில்லை. பின்னேரம் வீட்டில், அந்தச் செபமாலை அப்படிக் கதைத்தது பிழைதான் என்று என் கூடப்பிறந்த அண்ணை சொன்னபோது, நான் மறுத்தும் சொல்லவில்லை.

அந்த ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. தப்பிய தமிழரில் பெரும்பாலானோர் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தார்கள். சிலர் விமானத்தில் எங்களிடம் வந்தார்கள். முதல் விமானம் இறங்கியபோது வேலிக்கு வெளியே சனம் முண்டியடித்தது. விமானத்திலிருந்து இறங்கிய பெண்களில் பலருக்குக் காலில் செருப்பில்லை. ஒருத்தி இரவு உடுப்போடு நின்றாள். இன்னொருத்தியின் சட்டை தோளிலிருந்து கிழிந்திருந்தது. செபமாலை அவர்களை உள்ளே விட்டு மண்டபத்துக் கதவைச் சாத்தினார். கன்ரீனுக்குள் போய் மேசைவிரிப்புகளை எல்லாம் உருவினார். யன்னல் திரைகளையும் கழற்றினார். பார்க்காத மாதிரி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி, ஒவ்வொருத்தருக்கும் ஒன்றாக நீட்டினார்.

நான் போய், "மிஸ்டர் செபமாலை, உது அரசாங்கச் சாமான். கணக்குக் கேட்டால் நான்தான் மறுமொழி சொல்ல வேணும்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "உது அரசாங்கச் சாமான் எண்டால், உந்தச் சனம் ஆற்றை சாமான் தம்பி?"

பிறகு கதவு திறந்தது. மேசைவிரிப்பைப் போர்த்தபடி அந்தப் பெண்கள் தங்கள் சொந்தக்காரரிடம் தலை நிமிர்ந்து நடந்து போனார்கள். கணக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு பயணிகள் குறைந்தார்கள், படையினர் கூடினார்கள். எங்கள் வாங்குகளில் அவர்கள் இருந்து சப்பாத்து மாட்டினார்கள். என்னைக் கச்சேரிக்கு மாற்றக் கேட்டேன், மாற்றினார்கள். செபமாலை அங்கேயே இருந்தார். கோபுரத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கிழிந்தால் தைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். இராணுவத்தின் ஆள் என்று ஊரில் கதைத்தார்கள். பிறகு அவரையும் படையினர் வாசலில் மறித்தார்கள். அதற்குப் பிறகு பென்சன்காரர்.

தொண்ணூறில் சண்டை மூண்டு பலாலி, மயிலிட்டிச் சனம் எல்லாம் ஒரேயடியாக இடம்பெயர்ந்தது. செபமாலையும் மனைவி பிலோமினாவும் இரண்டு சைக்கிளும் ஒரு துணிமூட்டையுமாக எங்கள் படலையில் வந்து நின்றார்கள். முகாமில் இடமில்லை. இந்தப் பகுதியில் அவருக்குத் தெரிந்த வீடு என்னுடையது ஒன்றுதான். என்னுடையது என்று எழுதிவிட்டேன், வீடு அண்ணையுடையது. கலியாணம் கட்டாத நான் அதில் ஓர் அறைக்காரன்.

அண்ணை வாழைத்தோட்டத்துக் கொட்டிலைக் கொடுத்தார். அதற்காக ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. கொடுக்கும்போது சொன்னார்: "இருங்கோ, எவ்வளவு காலமெண்டாலும் இருங்கோ. கிணத்திலை மட்டும் வாளி போட வேண்டாம். நாங்கள் அள்ளி ஊத்துவம்."

"ஓம் ஐயா," என்றார் செபமாலை. அப்புக்காத்தரிடம் சொன்ன அதே "ஓம் ஐயா" இல்லை அது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஊர் குறைந்தது என்று சொல்கிற சாதியென்றால், குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றுவார்கள். வீட்டுக்காரருக்கு வேலையிருந்தால் நிற்க வேண்டும். நான் பார்த்தேன், அவர் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தினமும் விடிய எழும்பி அவர்கள் குடங்களை நானே நிரப்பினேன். பட்டதாரி, கச்சேரி உத்தியோகத்தன், தண்ணீர் அள்ளி ஊற்றுகிறான். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. மறைப்பதில் பயனில்லை.

செபமாலையும் பகிடி விடுவார். "பலாலியிலை நீர் எனக்கொரு பேனை எடுத்துத் தரமாட்டீர். இப்ப பாரும்."

ஒருநாள் மட்டும் பகிடி இல்லாமல் சொன்னார். நான் துலாக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கும் கை இருக்கு," என்றார்.

"அதுக்கென்ன, எனக்கொரு கரைச்சலும் இல்லை. நான் அள்ளுறன்," என்றேன்.

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குச் சிரமம் கொடுக்க விரும்பாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். நாலு வருடத்தில் அவர் எங்கள் வீட்டிடம் கேட்ட ஒரே விசயம், தன் கையாலேயே அள்ளுவது, அதுதான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்காதவன் என்று சொல்லத்தான் என்னை இவ்வளவு படிப்பித்தார்கள்.

அவர் இறந்த நாளில் எங்கள் கோயிலில் கொடியேறியிருந்தது. அண்ணை திருவிழா உபயகாரர், காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் சாவுத் துடக்கு உள்ள வீட்டுப் பக்கம் தலை வைக்கக் கூடாது. அண்ணையும் அண்ணியும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். நான் கச்சேரியில். விடிய நான் நிரப்பிய குடங்கள் உலைக்கும் குடிக்கவும் போய்விட்டன. சவத்தைக் கழுவத் தண்ணீர் இல்லை. அள்ளக்கூடியவர்கள் துடக்குக்காக வெளியே வரமாட்டார்கள். வெளியே நிற்பவர்கள் அள்ளக் கூடாது. இரண்டு வழக்கமும் எங்களுடையவை. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் சந்ததியில் ஒருவரும் யோசித்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

பிலோமினா கிணற்றடியில் வெறுங்குடத்தோடு நின்றதைப் பக்கத்து வளவுக்காரர் கண்டிருக்கிறார். என்னிடம் அவரே சொன்னார், இரக்கத்தோடு. "பாவம், கனநேரம் நிண்டவ." நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "உங்கடை கிணத்தடியிலை எனக்கென்ன அலுவல்?" என்றார். அவரையும் என் கணக்கில் வைத்திருக்கிறேன்.

நான் வந்து சேர்ந்தபோது படலையில் நாலைந்து சைக்கிள்கள். மயிலிட்டி ஆட்கள், அச்சுவேலிப் பக்கத்து முகாமிலிருந்து, பின்சீற்றில் கட்டிய கான்களில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் கிணற்றைத் தாண்டித்தான் கொட்டிலுக்குப் போக வேண்டும். எங்கள் கிணறு தோட்டத்துக்கே இறைக்கிற கிணறு, வற்றாதது. அதைத் தாண்டி அவர்கள் கான்களைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உடுப்பும் மாற்றாமல் கிணற்றடிக்கு ஓடி வாளியை எடுத்தேன். பிலோமினா கொட்டில் வாசலுக்கு வந்தார்.

"வேண்டாம் தம்பி. தண்ணி வந்திட்டுது."

"அக்கா, நான் அள்ளித் தாறன்."

"நீங்கள் இதுவரை அள்ளித் தந்தது காணும்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "இண்டைக்கு அவர் தன்ரை சனத்தின்ரை தண்ணியிலை குளிக்கட்டும்."

அவரைப் புதைக்க வேண்டிய மயிலிட்டிச் சேமக்காலை படையினரின் பிடிக்குள். அச்சுவேலியில் ஒரு மூலை கொடுத்தார்கள். அங்கே கடைசி வரிசையில் நின்றேன். திருவிழா முடிந்த பிறகு அண்ணை என்னிடம் சொன்னார்: "நல்லகாலம், அவங்கள் தண்ணி கொண்டு வந்தாங்கள். இல்லாட்டில் கிணறு இறைச்சுத் துப்புரவாக்க வேண்டி வந்திருக்கும்." நான் அவரோடு அன்றிலிருந்து கதைப்பதில்லை. அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

பிலோமினா முகாமுக்குப் போய்விட்டார். கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்கி, பூட்டி, திறப்பை அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

செபமாலையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், அவர் நீட்டிக் காட்டிய அந்த இரண்டு கைகள்தான். வெய்யிலில் கறுத்த, நகம் ஒட்ட வெட்டிய கைகள். நான் கோப்பையில் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அவை என் முன்னால் வருகின்றன.

இதைப் படிக்கிற அண்ணைக்கும் ஊருக்கும் எழுதியவன் யார் என்று தெரியத்தான் போகிறது. ஆகையால் நான் பெயரை விட்டது பயத்தால் அல்ல. பெயர் போட்டால் நாலு பேர், "பரவாயில்லை, மனுசன் ஒத்துக்கொண்டானே" என்பார்கள். கனடாவிலிருந்து ஒருவர் பாராட்டிக் கடிதம்கூட எழுதுவார். செபமாலையின் சாவில் எனக்கு ஒரு நல்ல பெயர் வந்து சேரும். தண்ணீர் அள்ளி ஊற்றி நான் தேடிய நல்ல பெயரே இந்தப் பிறவிக்குப் போதும். உறையில் பத்திரிகையின் விலாசம் எழுதிவிட்டேன். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.