நடந்து காட்டினேன்

வாதத்தில் தோற்பதைப் பொறுத்துக்கொள்வேன். இரக்கத்தால் வெல்வதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஜீப் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகும், ஊன்றுகோலை மேடைக்குக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பிடித்து நின்று பேசித்தான் பேச்சுப்போட்டிகளில் பரிசுகள் பெற்றேன்.

மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்காக மருத்துவக் குழுவின் முன் செல்லவும் அவ்வாறே ஆயத்தமானேன். அந்தப் பணம் வந்தால்தான் எங்கள் ஊரான சித்திரபுரத்திலிருந்து வாரந்தோறும் நகரத்துக்குச் சென்று இயன்முறைச் சிகிச்சையைத் தொடர முடியும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் அம்மா பேருந்திலேயே எச்சரித்தார்: "ஏட்டி, இது பேச்சுப்போட்டி இல்ல. வலிச்சா வலிக்குன்னு சொல்லு. அங்க போயி வீரம் காட்டாத."

"அழுது வாங்கணுமாம்மா?" என்றேன்.

ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியுமா என்று மருத்துவர் கேட்டார். "முடியும்" என்று நிமிர்ந்து சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்வரை நடந்தும் காட்டினேன். அவர் பாராட்டிவிட்டு, குறித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் கால் மடங்கி, அம்மாவின் தோளில் சரிந்தேன். அதற்குள் அடுத்தவர் உள்ளே போய்க் கதவு மூடியிருந்தது.

"உள்ளயே விழுந்து தொலச்சிருக்கலாம்லாட்டி" என்றார் அம்மா.

சான்றிதழில் வந்த ஊனச் சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போதவில்லை. மேல்முறையீடு செய்திருக்கிறேன், அழைப்பு வரவில்லை. சிகிச்சை நின்றுவிட்டதால், அன்று நடந்த தூரத்தை இன்று என்னால் நடக்க இயலாது.

இப்போது வீட்டில் அம்மா மருத்துவர்போல் எதிரில் அமர்ந்து அதே கேள்வியைக் கேட்கிறார். "முடியும், ஆனால் அதன்பின் இரண்டு நாள் எழ முடியாது" என்று முழுவதையும் சொல்லப் பழகுகிறேன். பல நாட்களில், முதல் சொல்லோடு என் வாய் நின்றுவிடுகிறது.