கேட்காமல் சொன்ன ஓம்

மகளின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நல்ல பெறுபேறுதான். ஆனால் எங்களூர் மகளிர் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மூடிக் கிடந்தது. பிள்ளைகள் குறைவு என்று ஆசிரியர்களை இடம் மாற்றினார்கள். ஆசிரியர்கள் இல்லை என்று பிள்ளைகள் வேறு ஊருக்கு பஸ் ஏறினார்கள். அனுப்ப மனமில்லாத வீட்டுப் பிள்ளைகள் கலைப்பிரிவில் இருந்துவிட்டார்கள். அதே பாடசாலையில் நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன். எனக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை இருந்தது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபர் சொன்னார்: "எட்டுப் பிள்ளையக் கொண்டு வாங்க. வலயக் கல்வி அலுவலகத்துல நான் போய்க் கதைக்கிறன்."

கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவள் நான். அன்று எழும்பி, "நான் கொண்டு வாறன் டீச்சர்," என்றேன்.

அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். "சோறு குழையுது, நீ எந்த வீட்டுல நிக்கிறாய்?" என்று கணவர் போன் எடுப்பார். இரண்டு கிழமையில் ஆறு பிள்ளைகள் சேர்ந்தார்கள்; என் மகளை நான் எட்டாவதாகக் கணக்கில் வைத்திருந்தேன். ஏழாவதாக நான் தேடிப் போனது எங்களூரிலேயே கூடின பெறுபேறு எடுத்த பிள்ளையின் வீடு. அவளை வெளியூர்ப் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பி மேசையில் வைத்திருந்தார்கள். அவளின் உம்மா என்னைவிட மூத்தவர்.

"உங்கட மகள் இங்க சயன்ஸ் எடுக்கிறாவா?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா."

"உங்கட புள்ளய நம்பி விடுறீங்கண்டா நானும் விடுறன்."

வீடு வரும் வழியெல்லாம் அந்த ஓம் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியது. மகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருப்பதாகவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கேட்பதைத் தள்ளிப்போட எனக்கு வேலையும் கிடைத்தது. ஆய்வுகூடத்தில் உடைந்த கதிரைகளைக் குவித்திருந்தார்கள். உம்மாமார் தும்புத்தடிகளோடு கூட்டித் துடைக்க வந்தோம். கடலுக்குப் போகும் ஒரு வாப்பா, தொழில் இல்லாத நாளில் வந்து தண்ணீர்க் குழாய்களைச் சரிசெய்தார். பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை, இரசாயனவியல் பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்தவள், நிரந்தர ஆசிரியர் வரும்வரை படிப்பிக்கிறேன் என்றாள். பழைய போத்தல்களில் எது பயன்படும், எதைத் தொடக்கூடாது என்று அவள் தனித்தனியாக எடுத்து வைத்தாள். எல்லாரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். நான் மட்டும் கழுவிய மேசையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

விஞ்ஞானப் பிரிவுக்குப் படிவம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "நான் சயன்ஸ் எடுக்கல்ல உம்மா. புவியியல்தான் எனக்கு விருப்பம்."

"இவ்வளவு நாளும் ஊரெல்லாம் அலையிறன். யாருக்கு?"

"எனக்கெண்டு நினைச்சிருந்தன். ஆனா நீங்க என்னைக் கேக்கவே இல்லையே."

சத்தம் போட்டேன், அழுதேன், பேசாமல் படுத்தும் பார்த்தேன். அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை. மனதை மாற்றவும் இல்லை. பேசாமல் படிவத்தை நானே நிரப்பிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

காலையில் ராத்தா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன்: "என்ட மகள் எடுக்கல்ல. அவளைக் கேக்காம நான் பொய் சொல்லிட்டன். மாப்புச் செய்யுங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்கட பேச்சை நம்பி எங்கட புள்ளட இடத்தை விட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார். அவர்களின் மகள் வெளியூர்ப் பாடசாலைக்கே போனாள்.

ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். அதிபரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "ஆறு பேரோட போய்ப் பாப்பம், நீங்களும் வாங்க," என்றார். அந்த ஆறு உம்மாமாரோடு நானும் வலயக் கல்வி அலுவலக விறாந்தையில் மத்தியானம் வரை காத்திருந்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் எழும்பி எழும்பி இருந்தேன். கடைசியில் ஒரு வருடத்துக்குப் பார்ப்போம் என்று அனுமதி தந்தார்கள்.

இப்போது அந்த வகுப்பு நடக்கிறது. பௌதிகவியலுக்கு ஓர் ஆசிரியர் வந்துவிட்டார். இரசாயனவியலை இன்னமும் பாண்டிருப்புப் பிள்ளைதான் பார்க்கிறாள். அவளுக்கு நியமனம் எங்கே கிடைக்குமோ, போய்விடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருக்கிறேன். ராத்தா சந்தையில் என்னைக் கண்டால் அடுத்த பக்கம் திரும்பிக்கொள்வார். அதில் பிழை இல்லை.

போன கிழமை மகள் தரையில் பெரிய தாள் ஒன்றை விரித்து, பெரியநீலாவணையிலிருந்து எங்களூர் வரை கரையை வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"இது எதுக்கு மகள்?"

கடல் எந்த இடத்தில் எவ்வளவு கரையை எடுத்திருக்கிறது, ஏன் சில இடங்களை விட்டுவிட்டது என்று அவள் சொல்லத் தொடங்கினாள். இதைப் படித்தால் எங்கே வேலை, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று என் மனம் அதற்குள் எழும்பி நடந்துவிட்டது. அதைப் பிடித்து இருத்திவிட்டு, அவள் விரல் போகும் இடத்தைப் பார்த்தேன்.